வேலிக்குள் நல்ல காற்று

எடை பார்க்கும்போது காத்தக்கா மூச்சு விடுவதில்லை. வட்டத் தாளை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைத்து, கண்ணாடிக் கதவைச் சாத்தி, எண்கள் ஆடி அடங்கும்வரை வாயை இறுக மூடிக்கொண்டிருப்பார். கதவு சாத்திய பிறகு மூச்சு விட்டால் தராசுக்கு ஒன்றும் ஆகாது என்று பயிற்சி கொடுக்க வந்தவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். "படிச்சவங்க மூச்சு லேசா இருக்கும் சார். எனக்கெல்லாம் கனம்" என்று பதில் வந்தது.

நகராட்சி வளாகத்தின் மூலையில், கம்பி வேலிக்குள் ஓர் இரும்புப் பெட்டி. அதன் தலையில் தொப்பி போட்ட ஒரு குழாய். மணிக்கொரு தடவை அது ஓர் எண்ணைச் சந்திப்பிலுள்ள மின்பலகைக்கு அனுப்பும். போக, நாள் முழுக்க ஒரு வெள்ளைத் தாள் வழியாக ஊரை உறிஞ்சிக்கொண்டிருக்கும். மறுநாள் அந்தத் தாள் எவ்வளவு கனத்திருக்கிறதோ, அவ்வளவு தூசி. பதினோரு வருடமாகத் தாள் மாற்றுவதும் எடை பார்ப்பதும் காத்தக்காவின் வேலை. இயற்பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது.

வெளிறிய சாம்பல் என்றால் கல்லுடைக்கும் ஆலைகள் பக்கமிருந்து காற்று. பழுப்பு என்றால் செங்கல் சூளை. கறுப்பு என்றால் லாரிகள். தாளைப் பார்த்ததும் எடையைச் சொல்லிவிடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் எழுத மாட்டார். "கண்ணு சொல்றது கண்ணோட அபிப்பிராயம். தராசு சொன்னாத்தான் எழுத்து." பவுடர் பூசிய எவரும் எடை அறைக்குள் நுழைய முடியாது. "அழகை வாசல்லயே வச்சுட்டு வா" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அவர் எழுதும் எண் சிறியதுதான், ஆனால் அது போகும் தூரம் பெரிது. தலைமை அலுவலகத்தில் ஒரு கணினி, அதையும் காற்றின் திசையையும் வேகத்தையும் வைத்து, நாளை எந்தத் தெருவில் எவ்வளவு புகை என்று வரைபடம் போடுகிறது. பள்ளிக்கூடங்கள் பிள்ளைகளை மைதானத்தில் விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்வது அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான்.

ஆறு மாதத்துக்கு முன் பலகை வாரத்தில் நான்கு நாள் சிவப்பாக எரிந்தது. காற்றைச் சுத்தப்படுத்தும்படி நகராட்சிக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. நகராட்சியும் சுத்தப்படுத்தியது, பெட்டியைச் சுற்றி மட்டும். காலையும் மதியமும் ஒரு தண்ணீர் லாரி வந்து வேலியோரத்து மண்ணை நனைத்து, மரங்களுக்கு இலை இலையாகத் தலைகுளிப்பாட்டிவிட்டுப் போனது. பலகை பச்சைக்கு மாறியது. பேருந்துக்கு நின்றவர்கள் பலகையைப் பார்த்தபடி கண்ணைக் கசக்கிக்கொண்டார்கள்.

லாரி ஓட்டுநரோடு காத்தக்காவுக்குத் தினமும் சண்டை.

"ஏன் தம்பி, ஊர்ல வேற எங்கயும் தூசியே இல்லையா?"

"இருக்குக்கா. அங்கெல்லாம் மிஷின் இல்லையே!"

பதிவேட்டின் குறிப்புக் கட்டத்தில் காத்தக்கா நாள் தவறாமல் எழுதினார்: தண்ணீர் தெளிப்பு, 9.10 முதல் 9.35 வரை. நகராட்சிப் பொறியாளர் அதைக் கணினியில் ஏற்றும்போது எண்கள் மட்டும் ஏறின. "கம்ப்யூட்டர்ல அந்தக் கட்டமே இல்லக்கா" என்றார்.

காத்தக்காவின் வீட்டுக்காரர் இருபது வருடம் கல்லுடைக்கும் ஆலையில் வேலை பார்த்தவர். நுரையீரலில் கல்தூசி படிந்துபோய், ஒரு வாக்கியத்தை மூன்று தவணையில்தான் பேசுவார். ஒருநாள் மனைவி மறந்துவிட்ட மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க வந்து, ஈர வேலியோரம் அரைமணி நேரம் உட்கார்ந்தார். "இங்க மட்டும் என்ன, காத்து வேற மாதிரி இருக்கு?" என்று முழுசாக, நடுவில் நிற்காமல் கேட்டார். மறுநாளிலிருந்து மடக்கு நாற்காலியோடு வர ஆரம்பித்தார்.

"தண்ணிக்குப் பெரிய தூசிதாங்க அடங்கும். பொடிசு அப்படியேதான் மிதக்கும். அதுதான் நெஞ்சுக்குள்ள போறது" என்று காத்தக்கா விளக்கினார்.

"எனக்குப் பெருசு அடங்குனாப் போதும். பொடிசோடதான் இருபது வருஷம் குடும்பம் நடத்தியாச்சே!"

ஓட்டுநரைத் திட்டுவது அதன்பிறகும் நிற்கவில்லை. லாரி தாமதமானால் சாலையை எட்டிப் பார்க்கும் பழக்கமும் வந்தது. குறிப்புக் கட்டமும் தினமும் நிரம்பியது. மூன்றும் ஒரே ஆளால் எப்படியோ முடிந்தது.

கடைசியில் சந்தேகம் வந்தது கணினிக்குத்தான். ஆலைகள் பக்கமிருந்து காற்றடித்த நாட்களில் அதன் கணக்குப்படி ஊரே சிவந்திருக்க வேண்டும். பெட்டி மட்டும் பச்சை என்றது. போன வியாழக்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா விசாரணைப் படிவத்தோடு வந்தார். அவர் உள்ளே வருவதற்குள் பொறியாளர் காத்தக்காவை ஓரமாக அழைத்தார்.

"தண்ணி தெளிப்பு 'இல்லை'ன்னு எழுதிடுங்கக்கா. உங்க வீட்டுக்காரருக்கும் அதான் நல்லது."

மிரட்டலாகச் சொல்லியிருந்தால் காத்தக்காவுக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் அக்கறையாகச் சொன்னார்.

அதிகாரி சுற்றி வளைக்கவில்லை. "பெட்டியைச் சுத்தித் தண்ணி தெளிக்கிறாங்களாம்மா? ஆமான்னா இன்னிக்கே உத்தரவு போட்டுடுவேன், நாளையிலேருந்து லாரி வராது. இந்தப் பச்சையை நம்பித்தான் பிள்ளைங்க மைதானத்துல ஓடிட்டிருக்கு."

ஜன்னலுக்கு வெளியே வீட்டுக்காரர் காவலாளியிடம் பழைய ஆலைக் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். நீளமான கதை. இடையில் ஒரு இருமல்கூட இல்லை. சொல்லி முடித்து, அவரே சத்தமாகச் சிரிக்கவும் செய்தார். பேனாவைத் திறந்த காத்தக்கா அந்தச் சிரிப்பு ஓயும்வரை படிவத்தில் கை வைக்கவில்லை.

பிறகு 'ஆம்' என்று எழுதினார். பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு முதல் தெளிப்பிலிருந்து அன்று காலைத் தெளிப்புவரை தேதியும் நேரமும் எழுதினார். ஐந்து பக்கம் வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் வெளியே வந்தபோது மதியத் தெளிப்பு முடிந்திருந்தது. ஓட்டுநர் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"வந்த அம்மா என்ன கேட்டாங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"ஆபீஸ் விஷயம்."

"என்னக்கா, இன்னிக்குத் திட்டே காணோம்?" என்றார் ஓட்டுநர்.

காத்தக்கா கணவருக்குத் தெரியாமல் அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, ஆள்காட்டி விரலை உயர்த்தி, வேலியைச் சுற்றி இன்னொரு முறை என்று ஓட்டுநருக்குக் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.