எதிரே நின்று பார்த்தவள்

பெரம்பலூரில் பாதிக் கல்யாணப் பெண்களுக்குக் கண்ணுக்கு மை எழுதிய பரிமளா, தன் ஒரே மகள் கண்ணகிக்கு மட்டும் எழுதவில்லை. பெற்ற பிள்ளையை அண்ணன் வீட்டில் தள்ளிவிட்டுக் காசு பார்த்தவள் என்று கூசாமல் பேசியவர்கள் உண்டு. அவர்கள் வாயில் மண்ணைப் போட. நடந்தது எனக்குத் தெரியும். நான் செல்லக்கண்ணு, பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். என் கடைக்கு மாடியில்தான் அவளுடைய பியூட்டி பார்லர்.

புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். பரிமளா திருச்சியில் தொழில் பழகிவிட்டு, கண்ணகியை இடுப்பில் வைத்துக்கொண்டு இங்கே வந்து கடை போட்டாள். முகூர்த்த நாளில் அலங்காரம் அவள், போட்டோ நான். கண்ணகி எங்கள் இரண்டு கடைக்கும் நடுவில் படிக்கட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். அந்தப் பிள்ளை முகத்தைப் பார்க்காமல் பரிமளாவால் ஒரு மணி நேரம் இருக்க முடியாது. அரை மணிக்கு ஒருதரம் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு கீழே இறங்கி வருவாள்.

அவள் வித்தையெல்லாம் கண்ணில்தான். இமையை இழுத்துப் பிடித்து ஐலைனர் போடுகிறவளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. கையை எடுத்ததும் கோடு சுருங்கிவிடும் என்பாள். கண்ணை இறுக்கி மூட விடமாட்டாள். தாடையைக் கொஞ்சம் தூக்கி, பார்வையை மட்டும் தாழ்த்தச் சொல்வாள். முழங்கையை மேஜையில் ஊன்றி, சுண்டுவிரலைப் பெண்ணின் கன்னத்தில் வைத்துக்கொண்டு, ஒரே இழுப்பாக இழுக்காமல், இமைமயிரின் வேரை ஒட்டிச் சின்னச் சின்னக் கோடாகப் போட்டு அப்புறம் சேர்ப்பாள். மூக்குப் பக்கம் மெலிசு, வெளிப்பக்கம் போகப் போகத் தடிமன். வால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதைக் கீழ் இமையே காட்டிவிடும், அதன் போக்கிலேயே மேலே தூக்கினால் போதும் என்பாள். தப்பிப்போனால் முழுசையும் அழிக்கக் கூடாது. தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, நனைத்து, தப்பிய இடத்தை மட்டும் ஒற்றி எடுப்பாள்.

எல்லாம் காய்ந்த பிறகு நாலு எட்டுப் பின்னால் போய், பெண்ணுக்கு நேர் எதிரே நின்று, ‘இப்ப தொறம்மா’ என்பாள். யாருக்கும் இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருக்காதாம். எதிரே நின்று பார்த்தால்தான் எது சின்னது என்று தெரியுமாம். சின்னதற்கு ஒரு இழை கூட்டினால் சரியாகிவிடும். இப்படி எதிரே நின்று பார்க்காமல் அவள் ஒரு பெண்ணையும் மணமேடைக்கு அனுப்பியதில்லை.

அவள் அலங்காரம் செய்து அனுப்பியவர்களில் ஒருத்தி வேணி. விக்கிரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டவள். தொண்ணூற்றெட்டில் மசக்கை தெளியாத முகத்தோடு பார்லருக்கு வந்து அழுதாள். அவள் மாமியார் வீட்டுக்கு எதிரே ஏரிக்கரையில் சுதையில் செய்த அம்மன் சிலை ஒன்று உண்டு. அதற்குப் புது வர்ணம் அடித்துக் கண் திறந்த நாளிலிருந்து இவளுக்கு இரண்டு பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. அம்மன் பார்வை சரிந்து இவர்கள் வாசலிலேயே விழுகிறது என்று ஊரே பேசுகிறதாம்.

“இதுவும் தங்கலேன்னா அம்மா வூட்டுலயே இருந்துக்கன்னு சொல்லிட்டாங்கக்கா. அந்தக் கண்ணை நீங்க ஒருதரம் பாருங்க.”

எனக்கு இந்த மாதிரிப் பேச்சில் நம்பிக்கை கிடையாது, இப்போதும் கிடையாது என்றுதான் சொல்லிக்கொள்கிறேன். நல்ல டாக்டரைப் பாரும்மா என்று அவளைக் கடிந்துகொண்டேன். பரிமளா கேட்கவில்லை. என்னை அனுப்பி அந்தச் சிலையைப் போட்டோ எடுத்து வரச் சொன்னாள். பிரிண்ட் போட்டதும் இடது கண்ணின் மேல் விரலை வைத்தாள். வரைந்தவன் இமைக்கோட்டை வெளிப்பக்கம் தாழ்த்திவிட்டான், அதனால்தான் பார்வை சாய்கிறது, ஓர் இழை மேலே தூக்கினால் நிமிர்ந்துவிடும் என்றாள். வரைந்தவனோ, திறந்த கண்ணில் மறுபடி கை வைக்க மாட்டேன் என்று கையை விரித்துவிட்டான். பூசாரி இளையபெருமாளின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, பரிமளா தொடுவதற்கு வேணியின் புருஷன் சம்மதம் வாங்கினான்.

ஆடி மாதம், உச்சிப்பொழுது. பரிமளாவை நான்தான் என் பைக்கில் அழைத்துப் போனேன். ஏரியில் சொட்டுத் தண்ணீர் இல்லை. காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. பூசாரி நிதானமாக எடுத்துச் சொன்னார். கண்ணைத் திறந்து கற்பூரம் காட்டும்வரை யாரும் எதிரே நிற்கக் கூடாது, முதல் பார்வை கண்ணாடியில்தான் விழ வேண்டும், பக்கவாட்டில் ஏணி போட்டு, கண்ணாடியில் பார்த்துக்கொண்டேதான் வரைய வேண்டும். பரிமளா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள்.

பூசாரி தள்ளி நின்று கண்ணாடியைப் பிடிக்க, அவள் ஏணியில் நின்று, சுண்டுவிரலை அம்மன் கன்னத்தில் ஊன்றி, கறுப்பு எனாமலைச் சின்னச் சின்னக் கோடாக வைத்துச் சேர்த்தாள். முடிந்தது என்றாள். கற்பூரம் ஏற்றத் தீப்பெட்டியைக் காணோம். பூசாரி கண்ணாடியைக் கீழே கவிழ்த்து வைத்துவிட்டு, நான் வரும்வரை ஏணியிலேயே இருங்க என்று சொல்லி, பூசைச் சாமான் வைக்கும் அறைக்குப் போனார். நான் காமிராவில் படிந்த மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

காற்று நின்றுபோனது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கரைப் புளியமரத்தில் ஓர் இலை அசையவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். பரிமளா ஏணியை விட்டு இறங்கி, நாலு எட்டுப் பின்னால் வந்து, அம்மனுக்கு நேர் எதிரே நின்று, தலையைச் சாய்த்து இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். பழக்கம். கை வேலை முடித்தால் கால் தானாக அங்கேதான் போகும். ஆயிரம் தடவை நான் பார்த்த காட்சிதான் என்பதால் எனக்கும் தப்பாகத் தோன்றவில்லை.

திரும்பி வந்த பூசாரி திட்டவில்லை. அவசரமாகக் கண்ணாடியை எடுத்து நிறுத்தினார், கற்பூரம் கொளுத்தினார்.

“வூட்ல பிள்ளைங்க இருக்காம்மா?” என்று கேட்டார்.

“ஒரே பொண்ணுங்க.”

அவர் இரண்டு பொட்டலமாகத் திருநீறு மடித்துக் கொடுத்தார்.

வேணிக்கு ஆண் குழந்தை சுகமாகப் பிறந்தது. அதில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்கு முன்பே எங்கள் கடையில் வேறொன்று ஆரம்பித்துவிட்டது. பரிமளா அலங்கரித்த பெண்கள் யாரும் போட்டோவில் காமிராவைப் பார்க்கவில்லை. ‘இங்க பாரும்மா, இங்க பாரும்மா’ என்று நான் தொண்டை வறளக் கத்துவேன். பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் என்பார்கள். எனக்கும் அப்படித்தான் தெரியும். பிரிண்ட் வந்தால் கண் வேறு பக்கம் இருக்கும். பரிமளா எந்தப் பக்கம் நின்றாளோ அந்தப் பக்கம். லென்ஸை மாற்றினேன், ஃபிலிம் வாங்கும் கடையை மாற்றினேன். கடைசியில் அவளே என் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்க ஆரம்பித்தாள். படமெல்லாம் சரியாக வந்தது. எனக்குத்தான் முதுகு சில்லிட்டது.

அதே சமயம் கண்ணகிக்குக் காய்ச்சல் வந்து இறங்க மாட்டேன் என்றது. அது விட்டதும் மாடிப்படியில் உருண்டு கை முறிந்தது. அப்புறம் எங்கள் ஊர்ப் பாலக்கரையில் ஒரு லாரி உரசிவிட்டுப் போனது. மயிரிழையில் தப்பியது பிள்ளை. அன்றைக்குச் சாயங்காலமே பரிமளா அதன் துணிமணியை எடுத்து வைத்து, கீழப்பழுவூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். பைத்தியமா உனக்கு என்று நான் கத்தினேன். உண்மையிலேயே எனக்கு ஆத்திரம்.

“அந்த அம்மன் கண்ணு என்னைத்தாண்ணே பாக்குது. எம் பக்கத்துல எம்பொண்ணு இருந்தா அவளையும் பாக்கும்,” என்றாள்.

அதன் பிறகு கண்ணகிக்கு ஒரு தலைவலிகூட வரவில்லை. பரிமளா அங்கே எட்டிப் பார்க்கவும் இல்லை. தீபாவளிக்குத் துணி என் கையில் கொடுத்தனுப்புவாள். முதல் வருடம் அந்தப் பிள்ளை அம்மா எப்ப வரும் மாமா என்று கேட்டது. மறு வருடமும் கேட்டது. அப்புறம் கேட்பதை விட்டுவிட்டது, துணியைப் பிரித்துப் பார்ப்பதையும் விட்டுவிட்டது. அதைத் திரும்பி வந்து பரிமளாவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆசையாக உடுத்திக்கிச்சு என்பேன். அவள் சிரிப்பாள்.

இரண்டாயிரத்து ஆறில் கண்ணகிக்குக் கல்யாணம். அண்ணனும் அண்ணியும் தாரை வார்த்துக் கொடுப்பதாக ஏற்பாடு. தான் வரவில்லை என்று பரிமளா முன்பே சொல்லிவிட்டாள். முதல்நாள் மாலை என் கடைக்கு வந்து, தூரத்துல நின்னு மேளச் சத்தமாவது கேட்டுட்டு வந்துர்றேண்ணே, யார்கிட்டயும் சொல்லாதீங்க என்றாள். அழைத்துப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால், சமையல் கொட்டகையையும் தாண்டி, மதில் சுவருக்கு வெளியே வேப்பமரத்தடியில் முக்காடு போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் இருந்த இடத்திலிருந்து மேடை தெரியாது. மேடையிலிருந்து அவளும் தெரியமாட்டாள்.

கண்ணகிக்கு அரியலூரிலிருந்து வந்தவள் மை எழுதியிருந்தாள். ஒரு வால் மேலே, ஒரு வால் கீழே. எனக்கு அழுகையே வந்துவிட்டது. காமிராவைப் பாரும்மா என்றேன். “பாத்துக்கிட்டுத்தான் மாமா இருக்கேன்,” என்றாள்.

பிரிண்ட் வந்ததும் பரிமளா மாடியிலிருந்து ஓடி இறங்கி வந்தாள். தாலி கட்டும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். இடது வால் தாழ்ந்துபோச்சு என்று முனகினாள். அப்புறம்தான் கவனித்தாள். பெண் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, காமிராவையும் பார்க்கவில்லை. தலை நேராக இருக்க, கண் மட்டும் பின்கட்டுப் பக்கம், அந்த மதில் சுவர் இருந்த திசைக்குப் போயிருந்தது. எல்லாப் படத்திலும் அப்படித்தான்.

பரிமளாவின் உதடு வெளுத்தது.

“நான் வந்திருந்தது அவளுக்குத் தெரியுமாண்ணே?”

“தெரியும். நாந்தான் காதுல சொன்னேன். அம்மா அங்கன இருக்குன்னு. அதான் பாத்துக்கிட்டே இருந்துச்சு,” என்றேன்.

அவள் அந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, எட்டு வருடத்து அழுகையை அங்கேயே நின்று அழுதாள். அம்மாவைத் தேடியிருக்கா, எம்பொண்ணு என்னைத் தேடியிருக்கா என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். நானும் ஆமாம் ஆமாம் என்றேன். முகத்தைக் கழுவிக்கொண்டு, படத்தை முந்தானையில் சுற்றிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

நான் கடைக் கதவைச் சாத்திவிட்டு மிச்சப் படங்களைக் கவிழ்த்து வைத்தேன். கண்ணகியிடம் நான் எதுவும் சொல்லவில்லை.