குன்னூர் மலையில் ஒரு கிராஃப்ட்ஸ்மேன் வீடு: தனியாகப் போய்ப் பார்த்த ஒரு நாள்

தை மாதம் இரண்டாவது வாரம், ஒரு புதன்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்குத் தனியாகப் போய்வந்தேன். ஒரே ஒரு வீட்டைப் பார்க்கத்தான் போனேன். பூங்கா, படகு, காட்சிமுனை எதுவும் இந்தப் பதிவில் கிடையாது. மலையில் வீடு கட்டும் எண்ணத்தோடு கிளம்புகிறவர்களுக்கு இது உதவலாம்.

கேத்தியில் எங்களுக்கு எட்டு சென்ட் இடம் இருக்கிறது. என் கணவர் தேவராஜ் ஓய்வு பெற்ற நாளிலிருந்து அங்கே கிராஃப்ட்ஸ்மேன் பாணியில் வீடு கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன்பு பரவலாக இருந்த பாணி அது. இப்போது புது வசதிகளைச் சேர்த்து மறுபடியும் கட்டுகிறார்கள். அந்த மாதிரி வீடுகளின் படங்களை அச்செடுத்து ஒரு ஃபைலில் சேர்த்து வைத்திருந்தார். அவர் ஃபைலைத் திறந்தால் போதும், சிலிண்டர் தீர்ந்துவிட்டது, துணி காயப்போட வேண்டும் என்று ஏதாவது சொல்லி நான் எழுந்துவிடுவேன். போன ஆனியில் ஒரு காலை, குளித்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. மாரடைப்பு.

இடத்தை விற்றுவிடலாம் என்றான் சென்னையில் இருக்கும் மகன். வாங்கிக்கொள்ள ஒருவர் தயாராகவும் இருந்தார். தை முடிவதற்குள் பதில் வேண்டும் என்றார். பத்திரத்தைத் தேடும்போது அந்த ஃபைல் கையில் வந்தது. கடைசித் தாளில் அவர் கையெழுத்தில், ‘சிவசாமி, குன்னூர், வீடு நேரில் பார்க்க’ என்று எழுதி ஒரு கைபேசி எண். யாரோ ஒப்பந்ததாரர் என்று நினைத்து அழைத்தேன். வீடு கட்ட யோசனை, உங்கள் வீட்டைப் பார்க்க வரலாமா என்று மட்டும் கேட்டேன். புதன்கிழமை வாங்க என்று சொல்லி வழியையும் சொன்னார். என் பெயரை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மேட்டுப்பாளையம் சாலைப் பேருந்து நிலையத்தில் காலை 6:20-க்கு ஊட்டிப் பேருந்து. கட்டணம் எழுபத்தைந்து ரூபாய். குன்னூர் ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர். மலைப்பாதையில் தலை சுற்றும் என்று சன்னலோரத்தை எப்போதும் என் கணவர்தான் எடுத்துக்கொள்வார். இந்த முறை அது எனக்குக் கிடைத்தது. பர்லியாறு தாண்டியதும் என் பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். குன்னூர் வரை அதை எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

9:10-க்கு இறங்கி, நிலையத்துக்கு எதிரில் ஒரு டீ குடித்தேன். வீடு கோத்தகிரி சாலையில் ஐந்து கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ஓட்டுநர் இன்னும் ஆள் வரவேண்டுமா என்று கேட்டு வண்டியை எடுக்காமல் நின்றார். இல்லை என்றதும், திரும்பி வரும்போது கூப்பிடுங்கள், அந்தப் பக்கம் வண்டி கிடைக்காது என்று எண்ணைத் தந்தார். வாங்கிக்கொண்டது நல்லதாகப் போயிற்று.

தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சரிவில் இருந்தது வீடு. நீலகிரியில் நாம் வழக்கமாகப் பார்க்கும் பழைய துரைமார் பங்களாக்களின் செங்குத்தான கூரை இதில் இல்லை. கூரை தாழ்வாக, அகலமாக, ஒரு கோழி சிறகை விரித்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. விளிம்பு சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே வந்திருந்தது. கூரையைத் தாங்கும் கைமரங்களின் நுனியைப் பலகை அடித்து மறைக்காமல் அப்படியே வெளியே தெரிய விட்டிருந்தார்கள். முன்வராந்தாவின் தூண்கள் கீழே தடித்து, மேலே போகப்போகச் சிறுத்திருந்தன. ஒவ்வொன்றும் இடுப்பு உயரக் கல் பீடத்தின் மேல் நின்றது. சுவருக்குப் பாசிப்பச்சை, மரத்துக்குக் காப்பிக்கொட்டை நிறம். பளபளப்பாக ஒன்றுமே இல்லை. மண்ணிலிருந்தே எழும்பியது போல ஒரு வீடு.

சிவசாமிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஸ்வெட்டர், குரங்குக் குல்லா. ஒப்பந்ததாரர் இல்லை, வீட்டின் சொந்தக்காரர். திருப்பூரில் வியாபாரத்தை முடித்துக்கொண்டு மனைவியோடு இங்கே வந்துவிடலாம் என்று கட்டியிருக்கிறார். மனைவி பேரனைப் பார்த்துக்கொள்ளப் பெங்களூரில் மகளோடு இருக்கிறார். இரண்டு வருடமாக இதோ வருகிறேன் என்கிறாராம்.

உள்ளே ஒவ்வொன்றாகக் காட்டினார். இந்தப் பாணியில் அலமாரி, புத்தகத் தட்டு, பெஞ்சு எல்லாம் சுவரோடு சேர்த்தே செய்யப்படுகின்றன. தனியாக மேசை நாற்காலி வாங்கிப் போடும் தேவை குறைவு. சன்னல்களில் மேல்பாதி சின்னச் சின்னக் கண்ணாடிக் கட்டங்கள், கீழ்ப்பாதி ஒரே கண்ணாடி. கூடத்தின் நடுவில் குளிர்காய நெருப்பு மூட்டும் கல் பதித்த கணப்பு. பழைய அமெரிக்க வீடுகளில் சமையலறை தனி அறையாம். இப்போது கட்டுவதில் அதைக் கூடத்தோடு திறந்துவிடுகிறார்கள், சன்னலையும் பெரிதாக்குகிறார்கள். மரவேலை முழுக்க சில்வர் ஓக். தேயிலைக்கு நிழலாக நிற்குமே, அந்த மரம். கையால் செய்தது என்பது ஒவ்வொரு இணைப்பிலும் தெரிந்தது. சாப்பாட்டு மேசையில் எட்டுப் பேர் உட்காரலாம். அதன் ஒரு மூலையில் மட்டும் ஒரு தட்டு, ஒரு டம்ளர், மாத்திரை டப்பா.

எனக்கு எங்கே இடம் இருக்கிறது என்று கேட்டார். கேத்தி, பாலாடா போகும் வழி, எட்டு சென்ட் என்றேன். கணப்பின் மேல் வைத்திருந்த கையை எடுத்துவிட்டு என்னையே பார்த்தார்.

“தேவராஜ் சார் எடமுங்களா அது?”

நான் அவர் மனைவி என்றேன். முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. சார் ஏன் வரவில்லை, சௌக்கியமா என்று அடுக்கிக்கொண்டே போனார். வீடு கட்டுகிறவர்களின் இணையக் குழு ஒன்றில் பழக்கமாகி, இரண்டு வருடமாகப் போனில் மணிக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். என் கணவர் காலை நடைக்கு என்று கிளம்பிப் போவாரே, அந்த நேரத்தில். ஒரு தடவைகூட நேரில் பார்த்துக்கொண்டதில்லை. எனக்கு இது எதுவும் தெரியாது.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னேன். “அவரு இல்லீங்க. ஆனியில தவறிட்டாரு.”

சிவசாமி குல்லாவைக் கழற்றினார். பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். ஏழு மாதமாக அழைத்துப் பார்த்திருக்கிறார். துக்கம் விசாரிக்கிறவர்களுக்குப் பதில் சொல்ல முடியாமல் என் கணவரின் கைபேசியை அணைத்து பீரோவில் வைத்தவள் நான்தான். கடைசியாகப் பேசியபோது, இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு பெரிய வீடு, என்னைப் பார்த்துமா புத்தி வரவில்லை என்று சிவசாமி சொன்னாராம். தேவராஜ், சரி வைக்கிறேன் என்று வைத்துவிட்டாராம்.

“அதுக்குக் கோவிச்சுக்கிட்டாருன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க. உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாருங்களா?”

இல்லை, அவர் கோபப்படவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை. “உங்களப் பத்தி எங்கிட்ட அவரு ஒரு வார்த்தை சொன்னதில்லீங்க. நானும் கேட்டதில்லை. ஆனா உங்க நம்பரை ஃபைல்ல பத்திரமா வெச்சிருந்தாரு.”

அவர் குல்லாவை மேசைமேல் வைத்தார். பிறகு என்னைச் சன்னலோரத்துக்குக் கூட்டிப் போனார். அங்கே சுவரோடு சேர்த்த ஒரு பெஞ்சு. தச்சர் முதலில் அதைப் பதினைந்து அங்குல உயரத்தில் செய்தாராம். படத்தைப் பார்த்த தேவராஜ், தாழ்வாக இருக்கிறது, பதினெட்டாக ஏற்றச் சொல்லுங்கள் என்று விடாமல் சொல்லியிருக்கிறார்.

“சார்தானுங்க, எங்க ஊட்டுக்காரிக்கு முட்டி வலி, தாழ உக்காந்தா எந்திரிக்கச் செரமப்படுவா, நாளைக்கு உங்க ஊட்டுக்கு வந்தா உக்கார வேண்டாமான்னாருங்க. பிரிச்சு மறுபடியும் செஞ்சோம்.”

நான் உட்கார்ந்தேன். எதையும் பிடிக்காமல் எழுந்தேன். மறுபடியும் உட்கார்ந்தேன். என் முட்டியைப் பற்றி என்னிடம் அவர் பேசியதெல்லாம் மாத்திரை போட்டாயா என்ற அதட்டல்தான். முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டில் எனக்கு ஓர் இருக்கை போட்டு வைத்திருக்கிறார். அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. இவ்வளவையும் யாரிடமோ சொல்லத் தெரிந்தவருக்கு என்னிடம் சொல்லத் தோன்றவில்லையே என்று. அப்புறம் நான் சொன்ன சிலிண்டர் சாக்கு நினைவுக்கு வந்து அந்தக் கோபமும் போய்விட்டது. சிவசாமி சமையலறைப் பக்கம் போய், வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டிக்கொண்டு காப்பி போட்டார்.

பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினேன். அதே ஆட்டோவில் குன்னூர், அங்கிருந்து அருவங்காடு வழியாக எல்லநள்ளிக்குப் பேருந்து, அங்கிருந்து ஆட்டோவில் எங்கள் இடம். எல்லாம் சேர்த்து ஒன்றரை மணி நேரம். பள்ளத்தாக்கு முழுக்கக் கேரட் அறுவடை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் லட்சுமி, கழுவின கேரட்டை மூட்டை பிடித்துக்கொண்டிருந்தார். சார் வரவில்லையா என்றார். ஒரே நாளில் இரண்டாவது தடவையாகச் சொன்னேன். அவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஐஸாக இருந்தது.

அப்படியானால் கட்டப்போவதில்லையா என்று கேட்டார். நான் ஒருத்திதானே, எனக்கு எதற்கு வீடு என்றேன்.

“ஏனுங்க, ஒருத்தின்னா மழை பெய்யாதுங்களா?” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். சொந்த வண்டி என்றால் இ-பாஸ் எடுக்க வேண்டும், அரசுப் பேருந்தில் போனால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுபோகாதீர்கள், சோதனைச் சாவடியில் வாங்கிக்கொள்வார்கள். தையில் நண்பகலிலும் நிழலில் குளிரும். கட்ட நினைப்பவர்கள் வரைபடத்துக்கு முன் மலைப்பகுதிக் கட்டட விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள், உயரத்துக்கு வரம்பு உண்டு. இந்தப் பாணியின் தாழ்ந்த கூரை அதற்குத் தோதானது. நீண்ட விளிம்பு சாரல் சுவரில் படாமல் காக்கும். மரம் வெளியே தெரிவதால் வருடத்துக்கு ஒரு முறை எண்ணெய் பூச வேண்டும். முக்கியமாக, அலமாரியும் பெஞ்சும் சுவரோடு போவதால் பிறகு நகர்த்த முடியாது. யார் எங்கே உட்காரப் போகிறார்கள் என்பதை வீட்டில் இருப்பவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

நாலே முக்காலுக்கு எல்லநள்ளியில் கோவைப் பேருந்து கிடைத்தது. இடத்தை வாங்க இருந்தவரைப் பேருந்திலிருந்தே அழைத்து, விற்கவில்லை என்று சொன்னேன். விலை போதவில்லையா என்றார். அதெல்லாம் இல்லை, சின்னதாக ஒரு வீடு கட்டப்போகிறேன் என்றேன். பையன்தான் சென்னையில் இருக்கிறானே, அங்கே யார் இருக்கப்போகிறார்கள் என்று கேட்டார்.

நான் இருப்பேன் என்றேன்.