எழுபத்திரண்டாவது இடத்துக்குப் பின்

எங்கள் மருந்துக் கிடங்கில் அவரைப் பென்சில் அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். கொண்டையில் எந்நேரமும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருக்கும். எந்த ஆஸ்பத்திரிக்கு எந்தப் பெட்டி போக வேண்டும் என்று காலை ஏழு மணிக்குக் கணினி ஒரு பட்டியல் அச்சடித்துத் தரும். அதைப் பார்த்து லாரியில் ஏற்றி அனுப்புவது என் வேலை. பட்டியலைப் போடும் ப்ரோகிராமைக் கட்டி மேய்ப்பது அக்காவின் வேலை.

அது கோபோல் என்ற மொழியில் எழுதியது. அந்த மொழிக்கு என் அப்பா வயது. அதைக் கிண்டல் செய்யாத ஆள் ஆபீஸில் கிடையாது. கிண்டல் செய்தவர்கள் வாங்கிப் போட்ட புதுச் சாமான்கள் ஒவ்வொன்றாகப் பழைய இரும்புக் கடைக்குப் போயின. பட்டியல் மட்டும் ஒரு நாளும் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அக்கா இதற்கென்று படித்துவிட்டு வந்தவர் இல்லை. பெட்டிக்கு லேபிள் ஒட்டும் வேலையில் சேர்ந்தவர். ப்ரோகிராம் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, அவர் மேஜையில் கிடந்த தடிப் புத்தகத்தை எடுத்து, மதியச் சாப்பாட்டு நேரங்களில் படித்து, ஒன்றரை வருஷத்தில் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். இவருக்கு என்ன தெரியும் என்று மேலிடம் முனகியது. வேறு ஆள் கிடைக்காமல் வாயை மூடிக்கொண்டது.

போன வருஷம் வந்த மேலாளர் கையோடு ஒரு புது மென்பொருளையும் கொண்டுவந்தார். இரண்டும் ஒரு மாதம் சேர்ந்து ஓடட்டும், பழையது எங்கேயாவது தப்பினால் நிறுத்திவிடலாம் என்றார். நிறுத்தினால் அக்காவுக்கும் வேலை இல்லை. அவர் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன். ஏணியிலிருந்து விழுந்து, தோள் விலகி, ஒரு வருஷமாக வீட்டில் இருந்தார். அக்காவின் வேலையை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இருபத்திரண்டு நாள் இரண்டு பட்டியலும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. இருபத்துமூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, ஒரு வரி இடித்தது. அன்றுதான் மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரிக்கு மாதாந்திர லாரி. தூரம் என்பதால் அதற்கு ஒரு தனி விதி உண்டு: காலாவதியாக நூற்றிருபது நாளுக்குக் குறைவாக இருந்தால் அந்த மருந்தை அங்கே அனுப்பக் கூடாது. நாற்பது நாளே மீதியிருந்த ஒரு பெட்டியைப் பழைய பட்டியல் அனுப்பச் சொன்னது, புதியது கூடாது என்றது. திங்கட்கிழமை கூட்டம் என்று மேலாளர் அறிவித்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா ப்ரோகிராமின் வரிகளை அச்சடித்து மேஜையில் பரப்பிக்கொண்டார். சனிக்கிழமை மதியம் பிடித்துவிட்டார். அந்த மொழியில், எழுத்துக்கு ஓர் இடமாக எண்ணினால், ஒரு வரியில் எழுபத்திரண்டாவது இடத்துக்குப் பின் எதை எழுதினாலும் கணினி படிக்காது, தப்பு என்றும் சொல்லாது. துளை போட்ட அட்டைகளில் ப்ரோகிராம் எழுதிய காலத்திலிருந்து வரும் வழக்கம் அது. பதினோரு வருஷத்துக்கு முன், அப்போதுதான் வந்திருந்த அகலத் திரையில் அக்கா அந்த விதியை எழுதியிருக்கிறார். 120இன் கடைசிப் பூஜ்யம் எழுபத்துமூன்றாவது இடத்தில் போய் விழுந்துவிட்டது. பார்ப்பவர் கண்ணுக்கு நூற்றிருபது, கணினிக்கு வெறும் பன்னிரண்டு.

வரியை ஓரிடம் இடப்பக்கம் தள்ளினால் போதும், இரண்டு பட்டியலும் பொருந்திவிடும். அன்றைக்கு ஏதோ கோளாறு என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். என்னைக் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவர் வீட்டுக்காரரும் அதையே சொன்னாராம்.

“ஒரு பூஜ்யம்தானே. நகத்தி வச்சுட்டு பேசாம இரு.”

“மருந்து வந்ததும் காலாவதி ஆயிடுதுன்னு மலை ஆஸ்பத்திரி நர்ஸம்மா மூணு லெட்டர் போட்டாங்க. மூணுக்கும், ப்ரோகிராம் சரியாத்தான் இருக்குன்னு பதில் எழுதினது நான்.”

இதை அக்கா என்னிடம் சொன்னபோது எனக்கும் சுருக்கென்றது. பதினோரு வருஷம் அந்தப் பெட்டிகளை ஏற்றியவன் நான். தேதியை ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை கூட்டத்துக்கு லாரிப் பதிவேட்டோடு நானும் போயிருந்தேன். அக்கா உட்காரவில்லை. அந்த வரியைப் பென்சிலால் சுழித்து மேலாளர் முன்னால் வைத்தார்.

“இது என் தப்பு சார். மொழியோட தப்பு இல்ல. பதினோரு வருஷமா நடந்திருக்கு.”

இதுபோல் இன்னும் எத்தனை இருக்கிறதோ என்றார் மேலாளர். அக்கா இன்னொரு தாளை எடுத்தார். எழுபத்திரண்டைத் தாண்டி விழுந்ததையெல்லாம் பிடிக்க, அதே கோபோலில் ஒரு குட்டி ப்ரோகிராம் எழுதி, நாற்பத்திரண்டாயிரம் வரிகளையும் ஞாயிற்றுக்கிழமை சலித்திருந்தார். தாண்டியவை இன்னும் மூன்று. மூன்றும் படிப்பவருக்காக எழுதிய வெறும் குறிப்புகள், பட்டியலைத் தொடாதவை.

“புதுசுல இந்த விதி எந்த வரியில இருக்குன்னு காட்டச் சொல்லுங்க சார். அதையும் நானே பாத்துத் தர்றேன்.”

புது மென்பொருளை விற்ற கம்பெனியின் ஆளும் கூட்டத்தில் இருந்தார். உள்ளே இருப்பதைக் காட்ட முடியாது, கம்பெனிக்கு எழுதிக் கேட்க வேண்டும், பதில் வர மூன்று வாரம் ஆகும் என்றார். அதுவரை லாரி நிற்குமா என்று கேட்டார் மேலாளர். பட்டியலைப் பழையதே போடட்டும், புதியது பக்கத்தில் இருந்து சரிபார்க்கட்டும் என்று முடிவானது. அக்காவுக்கு வேலை நிலைத்தது, கூடவே ஒரு கண்டிப்புக் கடிதமும் கிடைத்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்ததும் அக்கா நேரே மலை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். பூஜ்யம் விழுந்த கதையை ஒன்று விடாமல் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் நர்ஸம்மாவின் குரல் கேட்டது.

“நாலாவது லெட்டர் எழுதி வச்சிருக்கேன். எழுதி என்ன ஆகப்போகுதுன்னு போடாம விட்டுட்டேன்.”

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. கொண்டையிலிருந்து பென்சிலை உருவினார்.

“போடுங்க நர்ஸம்மா. இந்தத் தடவை பாத்துட்டு பதில் எழுதறேன்.”