இறக்கைக்கு அடியில் ஒரு சென்சார்

அன்னூர்ப் பக்கம் ஒரு மில் முதலாளி, தன் தோட்டத்தை ஒட்டிச் சின்னதாக ஓடுபாதை போட்டிருந்தார். இரண்டு பேர் உட்காரும் விமானத்தைப் பாகம் பாகமாக வரவழைத்து, அங்கேயே ஒரு கொட்டகையில் ஒன்றுசேர்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மீட்டர்களும் வயரிங்கும் செய்யும் வேலை எனக்குக் கிடைத்தது. சிங்காநல்லூரில் என் பட்டறையில் அதுவரை மில் மெஷின்களுக்குத்தான் பேனல் செய்திருக்கிறேன்.

அப்பாவுக்கு அன்னூரில் வாழைத் தோட்டம். "எம்புள்ள ஏரோப்ளேன் செய்யுதுங்க" என்று மகளைப் பற்றி அவர் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது.

வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சாரைக் கடைசியாகப் பொருத்தினேன். சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். காற்று சூடானால் விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். அதனால் பைலட்டுக்கு அந்த எண் முக்கியம். எஞ்சினுக்குச் சற்றுப் பின்னால், விமான உடம்பின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு வைத்தேன். உள்ளே பேனல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, வயரும் மிச்சம்.

முதல் முறை பறந்தது ஒரு மார்கழிக் காலையில். அப்பா ஒரு வேன் நிறையச் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்துவிட்டார். பைலட் ஒரு வட்டமடித்து இறங்கினார். ஸ்வெட்டரை இழுத்துவிட்டபடியே சொன்னார்: "மேல பல்லு கிட்டிப்போகுதுங்க. மீட்டர் மட்டும் நாப்பத்தொண்ணு டிகிரிங்குது!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு உடனே விளங்கிவிட்டது. எஞ்சினின் சூட்டுக் காற்று நேராகச் சென்சார்மேல் அடித்திருக்கிறது. சொல்லலாம் என்று வாயெடுப்பதற்குள் அப்பா முன்னால் வந்துவிட்டார்.

"மேல போகப் போகச் சூரியன் கிட்ட வருதில்லீங்களா? சூடு ஏறத்தானுங்க செய்யும். எம்புள்ள வெச்சாத் தப்பாகாதுங்க."

முதலாளி தலையைக் குனிந்துகொண்டார். யாரோ இருமுவதுபோல் சிரிப்பை அடக்கினார்கள். நான் அப்பா பக்கத்தில் போய் நின்றிருக்க வேண்டும். அவர் யாரோ என்பதுபோல, விமானத்தின் வால் பக்கம் போய், இறுக்கமாக இருந்த ஒரு ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் அவர் கண்கள் என்னைத் தேடியதைப் பார்த்தேன். ஆனாலும் நிமிரவில்லை.

பிறகு முதலாளி வந்து, "எங்க வெச்சிருக்கீங்க, அம்மணி?" என்று மெதுவாகக் கேட்டார். காட்டினேன். "மாத்திப்போடுங்க" என்றார், அவ்வளவுதான்.

திரும்பும்போது அப்பா என் காரில் ஏறினார். பாதி வழியில் கேட்டார்:

"ஏங்கண்ணு, நான் பேசுனது தப்பாப் போச்சா?"

"இல்லீங்கப்பா."

"நீ அந்தப் பக்கம் போயிட்டயே, அதான் கேட்டேன்."

அவர் முகத்தைப் பார்க்கக் கூசியது. அது மீட்டர் தப்புக் காட்டியதற்காக அல்ல.

அடுத்த வாரம் சென்சாரைக் கழற்றி, இறக்கையின் அடிப்பக்கத்தில், எஞ்சின் காற்று எட்டாத தூரத்தில் பொருத்தினேன். அங்கே வெயிலும் படாது. இறக்கைக்குள் வயர் இழுக்கத்தான் பெரும்பாடு பட்டேன். மறுபடி பறக்கிற நாளில் அப்பாவைக் கூப்பிட்டேன். "தோட்டத்துக்குத் தண்ணி கட்டோணும், கண்ணு" என்றார். வற்புறுத்தித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அவரை இறக்கைக்கு அடியில் நிறுத்தி, முன்பு எங்கே வைத்தேன், அதில் என் தப்பு என்ன என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன். அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டார்.

பைலட் இறங்கி வந்து, "இப்பச் சரியாக் காட்டுதுங்க" என்றார்.

முதலாளி அப்பாவைப் பார்த்து, "ஏனுங்க, புள்ள ஜெயிச்சுப்போடுச்சே, ஒண்ணும் சொல்லமாட்டீங்களா?" என்றார்.

அப்பா என்னைப் பார்த்தார். "எனக்கென்னங்க தெரியும்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என் காரைப் பார்த்து நடந்தார்.