கண்ணாடியில் வைத்த பொட்டு

ஒரு வருடம் முழுக்க நான் சூப்பர்வைசரின் வலது கை மோதிர விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்க எனக்கு வராது. யாரோடு பேசினாலும் என் கண் தரைக்கோ அவர்கள் கைக்கோ போய்விடும். அதனால் அந்த விரலை எனக்கு நன்றாகத் தெரியும். நுனி சப்பையாக இருக்கும், நகத்தின் ஓரம் கறுத்திருக்கும். அந்த விரலை நான் மன்னிக்கவில்லை. இப்போதும் மன்னிக்கவில்லை.

மலேசியாவில், செண்டாயானில் கித்தான் துணி நெய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறேன். நானும் சூப்பர்வைசரும் போர்டிக்சன் சாலையோரம் இருந்த ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். என்னைவிட மூன்று வயது பெரியவன். அவன் தாத்தா கங்காணி. என் தாத்தா அவருக்குக் கீழே பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர். அவன் பதினோரு வருடம் படித்து ஐந்தாம் படிவம் முடித்தான். நான் தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நின்று மரம் வெட்டப் போனேன். தோட்டம் விற்றுப்போன பிறகு இரண்டு பேரும் ஒரே கூரைக்குக் கீழே வந்து சேர்ந்தோம். அவன் கழுத்தில் அட்டை தொங்கியது. நான் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு தறி ஓட்டினேன். நேரில் ‘அண்ணே’ என்பேன். எழுதும்போது ‘அவன்’ என்றுதான் வருகிறது. இருக்கட்டும்.

எட்டுத் தறிகள் என் பொறுப்பில் இருந்தன. எனக்கென்று இருந்த ஒரே மரியாதை அதுதான். அந்த எட்டும் என் கையில் சும்மா நின்றதில்லை.

தறியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் பெரிய உருளையிலிருந்து மெதுவாக வரும். அதில் தொல்லை குறைவு. குறுக்கே போகும் ஊடை நூல்தான் பிடிவாதக்காரன். தறியின் இரும்புக் கை ஒன்று அதைக் கவ்வி, பாவுக்கு நடுவே ஒரே இழுப்பில் இழுத்துக்கொண்டு போகும். இழுக்கும், நிற்கும், மறுபடி இழுக்கும். நூல் சுற்றிய கோனிலிருந்து நேராக இழுத்தால் நூல் ஒருமுறை விறைக்கும், ஒருமுறை தொய்யும், அப்புறம் அறுந்துபோகும். அதனால் கோனுக்கும் தறிக்கும் நடுவில் ஃபீடர் என்று ஒன்று இருக்கிறது. தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் எல்லா வீட்டுப் பின்பக்கமும் ஒரு தண்ணீர் டிரம் இருக்கும். குழாயில் தண்ணீர் எப்போது எப்படி வந்தாலும், நாம் மொள்ளும்போது டிரம்மில் இருக்கும். ஃபீடரும் அப்படித்தான். ஒரு சின்ன மோட்டார் கோனிலிருந்து நூலை நிதானமாக வாங்கி, உருளை மேல் சுற்றுச் சுற்றாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் அடுக்கி வைக்கும். தறிக்கு வேண்டும்போது முன்பக்கத்திலிருந்து உருவிக்கொள்ளலாம். எந்த இழுப்பும் கோன் வரைக்கும் போகாது. நூல் எப்போதும் ஒரே பதத்தில் இருக்கும்.

உருளையில் எத்தனை சுற்று மிச்சமிருக்கிறது என்று பார்க்க ஃபீடரில் ஒரு கண் உண்டு. சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு வட்டக் கண்ணாடி, உருளையைப் பார்த்தபடி இருக்கும். நூல் அதை மறைத்தால் நிறைந்துவிட்டது என்று மோட்டார் நிற்கும். வெளிச்சம் தெரிந்தால் குறைந்துவிட்டது என்று மறுபடி சுற்றும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பக்கத்தில் நின்று பார்த்ததில் புரிந்துகொண்டேன். பேசாதவனுக்குப் பார்ப்பதற்கு நிறைய நேரம் கிடைக்கும்.

எங்கள் ஆலையில் ஆயுத பூசைக்கு மிசினை நிறுத்துவதில்லை. காலைத் தேநீர் இடைவேளையில் அரை மணி நேரம் கொடுப்பார்கள். அதற்குள் ஒவ்வொரு தறிக்கும் விபூதிப் பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே ஓர் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்ட வேண்டும். மணி அடித்ததும் பச்சைப் பொத்தானை அமுக்கிவிடுவோம். பொட்டு வைக்கும் உரிமை சூப்பர்வைசருடையது. வேறு யாரிடமும் தட்டைக் கொடுக்க மாட்டான்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய பூசையில் என் நாலாம் நம்பர் தறியிடம் வந்ததும் அவன் நின்றான். ஃபீடரின் கண்ணாடி மின்னியது.

“டேய், இங்க பாரு. சாமிக்கு நெத்திக்கண்ணு மாதிரியே இல்ல?” என்று சிரித்து, கண்ணாடியின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தான்.

நான் துடைக்கும் துணியை எடுத்தேன்.

“ஏய், பூசைப் பொட்டுடா அது! தானா உதுர்ற வரைக்கும் எவனும் கை வைக்கக் கூடாது. கேட்டுச்சா?”

“சரிண்ணே” என்றேன்.

என் தவறு அந்த ஒரு வார்த்தைதான். பூசைப் பொட்டைத் துடைப்பதற்கு எங்கள் ஆட்களில் யாருக்கும் கை வராது. தினமும் ஃபீடரில் படியும் பஞ்சுத் தூசியை எடுத்தேன். பொட்டை மட்டும் சுற்றிப்போனேன். சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. குங்குமம் மட்டும் மெல்லிய படலமாகக் கண்ணாடியில் பரவியது. அது என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இரண்டு வாரம் கழித்து, துணி பார்க்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார். தறியிலிருந்து வரும் துணியை வெளிச்ச மேசையில் ஓட்டிப் பழுது பார்ப்பது அவர் வேலை. மந்தின் ஊரிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மேசைக்கு மேல் என் நாலாம் நம்பர் துணி கிடந்தது. முழம் ஒன்றுக்கு ஒரு மெல்லிய கோடு.

“ஊடை இழுத்துப் புடிச்சிருக்கு தம்பி. பாத்தியா? இந்த எடத்துல மட்டும் நெருக்கம்.”

எனக்குக் காரணம் தெரியவில்லை. ஃபீடர் சில நேரம் தாமதமாகச் சுற்றியது. உருளையில் இரண்டு மூன்று சுற்றே மிச்சமிருக்கும்போது நூல் விறைத்தது. கோனை மாற்றினேன். நூலின் இறுக்கத்தைத் தளர்த்தினேன். கோடு போகவில்லை. கடைசியில் வாங்கியவர்கள் துணியைத் திருப்பி அனுப்பினார்கள்.

சூப்பர்வைசர் தறிகளை நிறுத்தச் சொன்னான். சத்தம் அடங்கிய கூடத்தில் அத்தனை பேரையும் வரவழைத்தான். தமிழர்கள், மலாய்க்காரர்கள், நேபாளத்துப் பையன்கள், அக்கா, பின்னால் சீன முதலாளியின் மேலாளர். எல்லோரும் அவரை பாஸ் என்போம்.

“இந்தக் கையைப் பாருங்க” என்று என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். “பால்மரம் வெட்டுன கை. மரத்தச் செதுக்குற மாதிரியே ஃபீடரச் செதுக்கி வச்சிருக்கான். ஆறாவது படிச்சவன்கிட்ட எட்டு மிசினக் குடுத்தது என் தப்புலா.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். நான் என் கையைப் பார்த்தேன். பிறகு அதைப் பிடித்திருந்த அவன் விரலைப் பார்த்தேன். அன்று சாயங்காலமே என்னைக் கோன் அறைக்கு மாற்றினார்கள்.

கோன் அறை வேலை, நூல் கோன்களை வண்டியில் அடுக்கித் தறிகளுக்குத் தள்ளிக்கொண்டு போவது. ஒரு நாளைக்கு இருபது தடவை என் எட்டுத் தறிகளைக் கடந்து போவேன். நாலாம் நம்பருக்குப் புது ஃபீடர் மாட்டியிருந்தார்கள். கோடு நின்றுவிட்டது. எல்லோருக்கும் அதுவே சாட்சியாகப் போயிற்று. நான் போனேன், பழுதும் போனது.

“டேய் கோன் ராசா! வண்டிய நேரா தள்ளுடா. அதுக்குமா பரீட்சை?” என்பான் சூப்பர்வைசர்.

ஒரு வாரம் கழித்துப் பழைய ஃபீடர் என்னிடமே வந்தது, பஞ்சு எடுத்து வைக்கச் சொல்லி. சன்னலோரம் வைத்துத் திருப்பினேன். வெயில் பட்டதும் கண்ணாடியில் சிவப்பு தெரிந்தது. நகத்தால் சுரண்டினேன். குங்குமம்.

பிறகு கண்ணாடி மூடியை மட்டும் கழற்றி, தைல டப்பா ஒன்றில் பஞ்சு வைத்து மூடிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

அன்றே போய்ச் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை என்பது பாதி உண்மை. மறு பாதி வேறு. அவன் அறைக்குள் சொன்னால் அறைக்குள்ளேயே முடிந்துவிடும். அவன் ஒரு ‘சாரி’ சொல்வான், தோளைத் தட்டுவான். என் கையை அத்தனை பேர் முன்னால் தூக்கிக் காட்டினானே, அது அங்கேயே நிற்கும். எனக்குத் தறிகள் திரும்ப வேண்டும். அதுவும் அதே இடத்தில், அதே ஆட்கள் பார்க்க வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குப் போகும்போது ஹெல்மெட்டுக்குள் மலாயில் பேசிப் பேசிப் பழகினேன். பாஸிடம் சொல்ல வேண்டிய நாலு வாக்கியம். ஒரு வருடத்தில் நாலு வாக்கியமும் திக்காமல் வந்தன.

அடுத்த ஆயுத பூசைக்கு நான்தான் சந்தனம் குழைத்தேன். நானாகவே கேட்டு வாங்கிய வேலை. தண்ணீர் குறைத்து, அப்பினால் வழியாத பதத்துக்குக் குழைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போனேன்.

“அண்ணே, போன வருசம் நாலாம் நம்பர்ல கண்ணாடியில வச்சீங்களே, நெத்திக்கண்ணு மாதிரி.”

“ஆமா?”

“ரொம்ப லட்சணமா இருந்துச்சுண்ணே. இந்த வருசம் எட்டுலயும் அப்படியே வைக்கலாமே.”

அவனுக்குச் சந்தோஷம். “பாருங்கடா, கோன் ராசாவுக்குக்கூட பக்தி வந்துருச்சு” என்றான். தட்டை வாங்கிக்கொண்டான். ஒன்றாம் நம்பரிலிருந்து எட்டாம் நம்பர் வரை, ஒவ்வொரு கண்ணாடியின் நடுவிலும் அந்த மோதிர விரலால் சந்தனத்தை அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தான். நான் சூடத் தட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ இவ்ளோ பேசி நான் கேட்டதே இல்லியே” என்றார். என் முகத்தையும் கண்ணாடிகளையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கெட்டிக்காரர். “தம்பி, சாமி காரியம்டா இது” என்றார் மெதுவாக.

“சாமிக்குத் தெரியும்க்கா” என்றேன்.

மணி அடித்தது. பாஸ் கூடத்துக்குள் வந்தார். துணி வாங்கும் இரண்டு பேரும் கூட வந்திருந்தார்கள். பச்சைப் பொத்தான்கள் அமுங்கின. எட்டுத் தறியும் கிளம்பின. ஃபீடர்களில் ஏற்கெனவே சுற்றியிருந்த நூல் உருவி ஓடியது. கண் மறைந்திருந்ததால், நிறைந்துதான் இருக்கிறது என்று ஒரு மோட்டாரும் சுற்றவில்லை. உருளைகள் காலியாவதை நான் தூணோரம் நின்று பார்த்தேன். முதலில் மூன்றாம் நம்பர் நின்றது. பிறகு ஏழு, ஒன்று, நாலு. ஒரு நிமிடத்துக்குள் எட்டும் நின்று, சிவப்பு விளக்குகள் எரிந்தன.

சூப்பர்வைசர் ஓடினான். நூலைக் கோத்தான், பொத்தானை அமுக்கினான். தறி ஓடும், நிற்கும். வியர்வையில் அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. “கெனாப்பா? ஏன் எல்லாம் நிக்குது?” என்று பாஸ் மலாயில் கேட்டார். அவன் நூலைக் குறை சொன்னான், கரண்டைக் குறை சொன்னான், கோன் அறையைக் குறை சொன்னான்.

நான் முன்னால் போனேன். பாஸின் சட்டைப் பொத்தானைப் பார்த்தபடி நாலு வாக்கியத்தையும் சொன்னேன். காரணம் எனக்குத் தெரியும். போன வருடமும் இதுதான். அது என் கையால் வரவில்லை. ஓட்டிக் காட்டட்டுமா?

மெல்லிய துணியால் முதல் கண்ணாடியைத் துடைத்தேன். மோட்டார் உடனே கிர்ரென்று சுற்றி உருளையை நிறைத்தது. நூலைக் கோத்துப் பொத்தானை அமுக்கினேன். தறி ஓடியது. இரண்டாவதுக்குப் போனேன். வேகமாகச் செய்திருக்க முடியும், செய்யவில்லை. ஒவ்வொன்றாக, எட்டையும், எல்லோரும் பார்க்கப் பார்க்கச் செய்தேன். கடைசியில் தைல டப்பாவைத் திறந்து பழைய கண்ணாடியைப் பாஸின் உள்ளங்கையில் வைத்தேன்.

அவர் அந்தச் சிவப்பைப் பார்த்தார். “சியாப்பா?” என்றார். யார்?

எல்லோரும் சூப்பர்வைசரின் கையைப் பார்த்தார்கள். மோதிர விரல் நுனி வரைக்கும் சிவந்திருந்தது. அவன் அதைக் காற்சட்டையில் துடைத்தான். குங்குமம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

பழி வாங்கினால் மனம் கசந்துபோகும் என்பார்கள். எனக்குக் கசக்கவில்லை. அன்று மத்தியானம் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றை இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். ஒன்று மட்டும் உறுத்தியது. வந்திருந்தவர்கள் முன்னால் வெட்கப்பட்ட பாஸ், பூசையையே நிறுத்திவிடப் போவதாகச் சொன்னார். அது வேண்டாம் என்று அவரிடம் பேசிச் சம்மதிக்க வைத்தது அக்காதான். அக்கா அதற்குப் பிறகு ஒரு மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

எட்டுத் தறிகளும் எனக்குத் திரும்பக் கிடைத்தன. சூப்பர்வைசரைக் கோன் அறைக்குப் பொறுப்பாளன் என்று மாற்றினார்கள். அவன் வண்டி தள்ளுவதில்லை. ஆனால் ஒரு நாளைக்கு இருபது தடவை என் தறிகளைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. அப்போதெல்லாம் நான் ஃபீடரைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

இந்த வருடம் பூசைத் தட்டு என் கையில். விபூதிப் பட்டையும் பொட்டும் தறியின் இரும்புச் சட்டத்தில் வைத்தேன். கண்ணாடிப் பக்கம் போகவில்லை. பிறகு வரிசையாக ஆட்களுக்கு வைத்தேன். கடைசியில் அவன் வந்து நின்றான். தலையைக் குனிந்தான். முதன்முறையாக அவன் முகத்தை நேராகப் பார்த்தேன். சாதாரண முகம், வயதாகியிருந்தது.

கட்டைவிரலில் குங்குமம் எடுத்து அவன் நெற்றி நடுவில் வைத்தேன். அவன் தலை பின்னால் சாயும் வரை அழுத்தித்தான் வைத்தேன்.

“தானா உதுர்ற வரைக்கும் தொடைக்காதீங்கண்ணே” என்றேன்.