காலியாக இருந்த ஒரு இருக்கை

திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு டிராவல் ஏஜென்சியில் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்கு விமான டிக்கெட், மெட்ராஸுக்குப் போகிறவர்களுக்கு ரயில் டிக்கெட், சீசனில் குற்றாலத்துக்கு வேன். எங்கள் பெயர்ப்பலகையின் கடைசி வரியில் ‘தனி விமானமும் ஏற்பாடு செய்து தரப்படும்’ என்று இருக்கும். பலகை எழுதியவர் கீழே கொஞ்சம் இடம் மிச்சமாகிறது என்று சொன்னதால் ஏஜென்சிக்காரர் சேர்த்த வரி அது. அதைப் படித்துவிட்டு யாரும் உள்ளே வந்ததில்லை.

அந்தப் பங்குனி மாதத்து நாளில் ஏஜென்சிக்காரர் விசா வேலையாகத் திருவனந்தபுரம் போயிருந்தார். கடையில் நான் மட்டும்தான். காலையில் திறந்ததுமே ஒருவர் வந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் பள்ளிக்கூட வாத்தியாராம். சட்டையை முந்தின நாளிலிருந்து மாற்றவில்லை என்பது பார்த்ததும் தெரிந்தது.

“ராத்திரி மெட்ராஸ் வண்டில அவசரக் கோட்டாவுல டிக்கெட் வேணும்மா. பிள்ளைக்கு உடம்பு சரியில்ல.”

“பிள்ளைக்கு என்ன வயசு சார்?”

“முந்தாநேத்துதான் பொறந்துச்சு.”

இதயத்திலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய குழாய்களும் இடம் மாறிப் பிறந்த குழந்தை. உடம்பெல்லாம் நீலம் பாய்ந்திருக்கிறது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தை சொட்டுச் சொட்டாக ஏற்றி வைத்திருக்கிறார்கள். மெட்ராஸில் ஆபரேஷன் செய்ய முடியும், ஆனால் சீக்கிரம் போக வேண்டும். இதையெல்லாம் அவர் வகுப்பில் பாடம் சொல்வதுபோல வரிசையாகச் சொன்னார். பிறகு, “ரயில்ல ஆக்சிஜன் சிலிண்டர் ஏத்த விடுவாங்களா?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தில் பெயர் எழுதும் இடத்தில் ‘பெண் குழந்தை, இரண்டு நாள்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனார்.

அவர் போய் அரைமணி நேரம் இருக்கும். போன் வந்தது. எங்கள் ஊரில் ஏழெட்டு பஸ் ஓட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி. அவருடைய பஸ்ஸில்தான் நான் தினமும் வேலைக்கு வருவேன். குரல் உடைந்திருந்தது.

“ஏம்மா, பலகையில பிளேன்னு போட்டிருக்கிய. நெசமாவா, சும்மாவா?”

அவருடைய அப்பாவுக்கு நெஞ்சிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்திருந்தது. அன்றைக்கே மெட்ராஸில் ஆபரேஷன் நடக்க வேண்டும், ரோட்டில் பதினான்கு மணி நேரம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பெரியவர் இருந்ததும் அதே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிதான்.

“நெசந்தான் அண்ணாச்சி. பத்து நிமிசத்துல சொல்லுதேன்” என்றேன். எப்படிச் செய்வதென்று ஒன்றும் தெரியாமலே சொன்னேன்.

மெட்ராஸில் வாடகை விமானம் விடும் ஒரு கம்பெனியின் நம்பர் பழைய டைரியில் இருந்தது. லைன் கிடைக்கவே ஏழெட்டுத் தடவை சுற்ற வேண்டியிருந்தது. எடுத்த பெண் நிதானமாகப் பேசினாள். ஜெட் விமானம் இருக்கிறது, ஆனால் எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் வாகைகுளத்து ஓடுபாதை அதற்குப் போதாது, ஜெட் வேண்டுமென்றால் மதுரைக்குத்தான் வரும் என்றாள். மதுரைக்கு ஆம்புலன்ஸில் போக மூன்றரை மணி நேரம். டாக்டரிடம் போனில் கேட்டேன். “வேண்டவே வேண்டாம், வாகைகுளம்னா சரி” என்றார். அப்படியானால் இரண்டு எஞ்சின் வைத்த சிறிய விமானம் வரும், ஒரு மணிக்குக் கிளம்பி மூன்று மணிக்குள் இறங்கும் என்றாள் அந்தப் பெண். ஓடுபாதையில் விளக்கு இல்லை. இருட்டுவதற்குள் கிளம்பியாக வேண்டும். அங்கே பெட்ரோல் ஊற்ற வசதி கிடையாது. திரும்பிப் போகத் தேவையானதையும் சேர்த்தே நிரப்பிக்கொண்டு வருவார்கள். அதனால் ஏறுகிற ஒவ்வொருவரின் எடையும் வேண்டும். டாக்டரின் கடிதம் ஃபேக்ஸில் வர வேண்டும்.

“மொத்தம் எத்தனை பேர் உட்காரலாம்?” என்று கேட்டேன்.

“பைலட் போக ஆறு இருக்கை. ஸ்ட்ரெச்சருக்காக இரண்டைக் கழற்றிவிடுவோம். மிச்சம் நாலு.”

கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோவில் பாளையங்கோட்டை போனேன். வழியெல்லாம் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் போகும் டாக்டர், அண்ணாச்சி, அவர் மனைவி. மூன்று பேர். ஒரு இருக்கை காலி.

ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் வராந்தாவில் அந்த வாத்தியார் நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை. நான் அண்ணாச்சியைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. வாத்தியாரிடம் நேரே போய், “சார், மெட்ராஸுக்கு ஒரு பிளேன் வருது. அதுல ஒரு இடம் இருக்கு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நீங்க போயிரலாம்” என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். “யாரு பிளேன்?” என்று கேட்டார். சொன்னேன். “அவிய சம்மதிச்சிட்டாவளா?”

“அதெல்லாம் நான் பாத்துக்கிடுதேன்” என்றேன்.

அவர் உள்ளே ஓடினார். பிரசவமாகிப் படுத்திருந்த மனைவியிடம் சொல்லிவிட்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே வந்தார். அவரை அங்கேயே நிற்கச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அண்ணாச்சி தீவிர சிகிச்சை அறையின் வாசலில் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். பெரிய உடம்பு. எடையைக் கேட்டபோது “எண்பத்தாறு” என்றார். அவர் மனைவியுடைய எடையையும் நோயாளியுடைய எடையையும் எழுதி, டாக்டரின் எடையோடும் கடிதத்தோடும் கம்பெனிக்கு ஃபேக்ஸ் அனுப்பக் கொடுத்துவிட்டேன். பிறகு அந்தப் பேச்சை எடுத்தேன்.

“அண்ணாச்சி, பிளேன்ல ஒரு இடம் சும்மாதான் போகுது. ரெண்டு நாள் பிள்ளை ஒண்ணு இங்கன இருக்கு. இதயத்துல கோளாறு. ராத்திரி ரயில்ல கொண்டுபோகப் போறாவ. உங்களோட வரலாமா?”

அவர் பதில் சொல்லுமுன் அவர் மனைவி நிமிர்ந்து பார்த்தார். “வழியில மாமாவுக்கு ஒண்ணுன்னா டாக்டர் யாரைம்மா பாப்பாவ? அந்தப் பிள்ளையவா, மாமாவையா?”

சரியான கேள்வி. அண்ணாச்சி என் தோளுக்கு மேலாகப் பார்த்தார். “இடம் இருக்குன்னா வரட்டும்” என்றார். அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடப் போகும் டாக்டருக்கும் இதில் மனமில்லை. ஆனால் குழந்தையைப் பார்த்துவிட்டு வந்து, சரி என்றார்.

கம்பெனிக்குத் திரும்பவும் போன் செய்து வாத்தியாரின் எடையையும் குழந்தைக்கான தனி சிலிண்டரின் எடையையும் சொல்லியிருக்க வேண்டும். முயற்சி செய்தேன். லைன் கிடைக்கவில்லை. கிடைத்தபோது மணி ஒன்றரை. விமானம் கிளம்பிவிட்டது என்றாள் அந்தப் பெண். கூடுதலாக ஒருவர் வருகிறார் என்றதும் அவள் குரல் மாறியது. “எடையைப் பைலட்தான் முடிவு பண்ணணும். என்னால இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது.” இருக்கை காலி என்பதும் இடம் இருக்கிறது என்பதும் வேறு வேறு என்று அதுவரை எனக்கு உறைக்கவில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் பைய ஊர்ந்துதான் போனது. மற்றவர்கள் எல்லோரும் அதற்குள். பின்னால் காரில் அண்ணாச்சியும் நானும். வல்லநாட்டுப் பாலத்தில் ஆறு மணலும் கொஞ்சம் தண்ணீருமாகக் கிடந்தது. அண்ணாச்சி டிரைவரிடம், “ஆம்புலன்ஸ முந்தாத. அதுக்குப் பின்னாலயே போ” என்று மட்டும் சொன்னார்.

வாகைகுளத்தில் அனல் காற்று. விமானம் ஏற்கெனவே இறங்கி நின்றது. நான் நினைத்திருந்ததைவிடச் சிறியது. பைலட் சிறகின் நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொடைமேல் ஒரு அட்டையை வைத்துக் கணக்குப் போட்டார். திரும்பவும் போட்டார். பிறகு எழுந்து என்னிடம் வந்தார்.

“மேடம், சாமான் எல்லாம் எறக்குனாலும் எண்பது கிலோ அதிகம். இந்த வெயில்ல, இந்த நீளத்துக்கு, இது எழும்பாது. ஒரு பெரிய ஆள் எறங்கணும்.”

“கொஞ்சம் வெயில் தாழ்ந்த பிறகு போனா?”

“அஞ்சரைக்கு மேல முடியலாம். ஆனா உறுதி சொல்ல மாட்டேன்.”

டாக்டர் ஆம்புலன்ஸிலிருந்து தலையை நீட்டினார். “ரெண்டு மணி நேரம்லாம் காத்திருக்க முடியாது. பிரஷர் ஏற்கெனவே ஏறிட்டிருக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏற்பாடு செய்தவள் நான்தானே. வாத்தியார் குழந்தையோடு முன்னால் வந்தார். “நான் நிக்குதேன். பிள்ளைய மட்டும் கொண்டுபோங்க” என்றார். அவருக்கு ஐம்பத்திரண்டு கிலோதான். அவர் நின்றாலும் போதாது என்று பைலட் தலையாட்டினார். டாக்டரும், “பிள்ளையோட ஒரு ஆள் வேணும். அங்க கையெழுத்துப் போடணும், பிள்ளையப் பிடிச்சுக்கிடணும். என்னால ரெண்டையும் பாக்க முடியாது” என்றார்.

அதற்குமேல் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அப்பாவும் பிள்ளையும் திரும்பிப் போங்கள் என்பது. அதைச் சொல்ல வேண்டியவள் நான்.

அண்ணாச்சியின் மனைவிதான் பேசினார். கணவரைப் பார்த்து, சத்தம் உயர்த்தாமல் பேசினார். “நீங்க எறங்குங்க. மாமாவுக்கு எந்த மருந்து எப்பம்னு எனக்குத்தான் தெரியும். நான் போறேன். நீங்க காருல வாங்க.”

“அது எங்க அப்பா” என்றார் அண்ணாச்சி.

“தெரியும். அதனாலதான் சொல்லுதேன்.”

அவர் நின்ற இடத்திலேயே நின்றார். பைலட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அண்ணாச்சி ஸ்ட்ரெச்சர் அருகே போய் அப்பாவின் காலைத் தொட்டார். ஊசி மயக்கத்தில் இருந்தவருக்குத் தெரிந்திருக்காது. காலைப் போர்வைக்குள் எடுத்து வைத்துவிட்டு, இந்தப் பக்கம் வந்து நின்றுகொண்டார். பெட்டிகளையெல்லாம் இறக்கினார்கள். வாத்தியார் ஏறும்போது அவரைப் பார்த்துக் கும்பிட முயன்றார். கையில் குழந்தை இருந்ததால் முடியவில்லை.

விமானம் ஓடுபாதையின் கடைசிவரை ஓடியது. வேலி அருகே போன பிறகுதான் தரையை விட்டது. அண்ணாச்சி காரில் ஏறி மெட்ராஸ் பார்த்துக் கிளம்பிவிட்டார். நான் பஸ் பிடித்து ஊருக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை கடை திறந்ததும் போன். அண்ணாச்சியின் மனைவி பேசினார். ஆபரேஷன் நடந்துகொண்டிருக்கும்போதே, விடிவதற்கு முன்பு, மாமா போய்விட்டார். “இவிய இப்பந்தான் வந்து சேந்தாவ. விழுப்புரம் பக்கத்துல டயர் போயிருச்சாம். வழியில தகவல் சொல்ல ஏது வசதி? வாசல்ல வச்சு நான்தான் சொன்னேன்.” பிறகு சொன்னார். “அந்தப் பிள்ளைக்கு ராத்திரியே ஏதோ டியூப் விட்டிருக்காவ. நல்லா இருக்காம். நேத்தைக்கு இருந்த நீலம் இல்ல.” நான் கேட்காமலே சொன்னார். போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் என்னால் எந்த வேலையும் செய்ய முடியவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அண்ணாச்சி கடைக்கு வந்தார். மொட்டையடித்திருந்தார். ஆஸ்பத்திரிக் காகிதங்கள் வாங்க மெட்ராஸ் போக வேண்டும், டிக்கெட் போடச் சொன்னார். நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே கேட்டார்.

“அந்த வாத்தியாருகிட்ட எடம் இருக்குன்னு நீ எப்பம் சொன்ன? என்கிட்ட கேக்கதுக்கு முன்னாலயா, பொறவா?”

பொய் சொல்லியிருக்கலாம். “முன்னால அண்ணாச்சி” என்றேன்.

“நெனச்சேன். நீ கேக்கும்போது அவரு பையத் தூக்கிக்கிட்டு உனக்குப் பின்னால நின்னாரு. அந்த ஆளு மூஞ்சியப் பாத்துக்கிட்டு நான் எப்பிடிம்மா வேண்டாம்னு சொல்லுவேன்?” அவர் குரலில் கோபம் இல்லை. “தனியா வந்து கேட்டிருந்தாலும் தந்திருப்பேன்னுதான் நெனைக்கேன். ஆனா அது எனக்கே இப்பம் தெரியாமப் போச்சு.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை அசைத்தார். எதற்கு அசைத்தார் என்று எனக்கு விளங்கவில்லை. டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். அதன்பிறகு அவருடைய டிக்கெட்டுகளுக்கு ஆபீஸ் கணக்குப்பிள்ளைதான் வந்தார்.

ஆவணியில் வாத்தியார் மனைவியோடும் குழந்தையோடும் கடைக்கு வந்தார். பெரிய ஆபரேஷனும் முடிந்திருந்தது. குழந்தை மேசைமேல் கிடந்த டைம் டேபிளைப் பிடித்து இழுத்தது. அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைக் காட்ட வேண்டும், வீடு எங்கே என்று வாத்தியார் கேட்டார். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, அவர்கள் காதில் விழாதபடி பக்கத்து எஸ்.டி.டி. கடைக்குப் போய் அண்ணாச்சி வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மனைவி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். “நீங்க வேண்டாம்னா நான் வேற ஏதாவது சொல்லிக்கிடுதேன்” என்றும் சொன்னேன்.

“இரு. கேட்டுச் சொல்லுதேன்.”

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. வெகுநேரம் கழித்து அந்த அம்மாவே வந்தார்.

“இப்பம் வேண்டாங்காவ. வருசம் திரும்பட்டுமாம்.”

அதை அப்படியே வாத்தியாரிடம் சொன்னேன். “அதுவும் சரிதான்” என்றார். வருசத்தை எண்ணிப் பார்ப்பதுபோல விரலை மடக்கினார். அடுத்த மாசியில் எனக்குக் கல்யாணமாகி நாகர்கோவிலுக்கு வந்துவிட்டேன். அவர்கள் போனார்களா என்று தெரியவில்லை.