கெசியா எரித்த ஏழு குச்சிகள்

அமெரிக்காவின் வடக்கே, மாசசூசெட்ஸின் பெல்ச்சர் முனையில் பூட்ஸுக்கு மேல்தோல் தைக்கும் பெண்கள் முப்பது பேர் இருந்தார்கள். அவர்களில் கெசியா டார்பாக்ஸின் தையலுக்குத் தனிப் பேர். தோல் மக்கிப் போகும், போட்டவர் மக்கிப் போவார், அவள் போட்ட தையல் மட்டும் கடைசி நியாயத்தீர்ப்பு நாளில் எழுந்து வந்து சாட்சி சொல்லும் என்பார்கள். அவள் நாக்கும் அப்படித்தான், ஊசியாவது நூல் தீர்ந்தால் நிற்கும்.

அவள் புருஷன் ஓபெத், வீட்டை ஒட்டிய சின்னப் பட்டறையில் உட்கார்ந்து, அவள் தைத்துத் தரும் மேல்தோலுக்கு அடித்தோல் வைத்து ஆணி அறைவான். இடது வலது என்று பேதமில்லாத முரட்டு பூட்ஸ். உள்ளூரில் அதை ஒருவரும் போடமாட்டார்கள். எல்லாம் தெற்கே ஜார்ஜியாவுக்குக் கப்பலேறும், பருத்திக் காட்டில் வேலை செய்யும் அடிமைகளுக்கு. அங்கிருந்து பருத்தி வரும். இங்கே ஆற்றுக்கு ஆறு நூலாலை முளைக்கும். பத்தே வருஷத்தில் பெல்ச்சர் முனை ஊதிப் பெருத்தது. கோயிலுக்கு மணி வந்தது, பெண்களுக்குப் பட்டு நாடா வந்தது, எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கெசியாவும் கேட்கவில்லை.

ஒவ்வொரு வசந்தத்திலும் ஜார்ஜியாவில் பருத்தித் தோட்டம் வைத்திருந்த லாம்பெத் என்பவரிடமிருந்து ஒரு சாக்கு வரும். உள்ளே அவருடைய அடிமைகளில் ஆளுக்கு ஒரு குச்சி, அவரவர் பாத நீளத்துக்கு நறுக்கி, மேலே மையால் பெயர் எழுதி. கூடவே பெயர்ப் பட்டியல் ஒன்று. அந்த ஆட்களைப் பற்றி ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்: ஒரு பெயர், ஒரு நீளம்.

ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டில் சாக்கு மழையில் நனைந்து வந்தது. ஓபெத் நாற்பது குச்சிகளையும் உலர்த்த அடுப்போரம் பரப்பிவிட்டு வெளியே போனான். அன்று சனிக்கிழமை. ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால், பன்றிக்கறியும் வெல்லப்பாகும் போட்ட அவரைப் பானையை அன்றைக்கே செங்கல் அடுப்பில் ஏற்றியாக வேண்டும். கெசியா அவசரத்தில் கைக்கு வந்ததை அள்ளிப் போட்டாள். ஓபெத் பிளந்து வைத்த சுள்ளி என்றே நினைத்தாள். தீ பிடித்து எரியும்போதுதான் ஒரு குச்சியில் எழுத்து தெரிந்தது: ஜூனோ. இடுக்கியை எடுப்பதற்குள் அது கரியாகிவிட்டது.

மிச்சத்தைப் பட்டியலோடு சரிபார்த்தாள். ஏழு பேரைக் காணோம்.

அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு தோலைப் பாழாக்கியதற்காக ஊருக்கு பூட்ஸ் வேலை தரும் முதலாளி விச்சர் போன வருஷம்தான் ஒரு குடும்பத்துக்கே வேலை இல்லை என்றிருந்தார். அதோடு, தப்பே செய்யாதவள் என்று பெயர் வாங்கியவளுக்கு வாய் எழவில்லை.

மறுநாள் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் ஒரே சேறு. ஊரே மிதித்துவிட்டுப் போயிருந்தது. கெசியா கடைசி ஆளாகப் பின்தங்கி, எரிந்ததற்குப் பதிலாக வெட்டிய ஏழு மேப்பிள் மரக் குச்சிகளைப் பாவாடை மடிப்பிலிருந்து எடுத்து, தடத்துக்குத் தடம் வைத்து அளவு கிள்ளினாள். சபைப் பெரியவரான டீக்கன் அமாசாவின் தடத்தில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அதை விரட்டிவிட்டு அளந்தாள்.

"என்ன கெசியா, சேத்துல எதைத் தொலைச்ச?" டீக்கனே திரும்பி வந்துவிட்டார்.

"என் அடக்கத்தைத்தான் ஐயா. உங்க தடத்துக்குள்ள விழுந்திருக்கும். எட்டிப் பாத்தா அடி தெரியல."

"ஓய்வுநாள்ல கூட உன் வாய்க்கு ஓய்வு இல்ல," என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஆண் பெயர் ஆறுக்கும் ஆறு ஆண்களின் தடம். ஜூனோ பெண்ணாயிற்றே என்று போதகர் மனைவி சப்மிட் அம்மாளின் தடத்தை எடுத்தாள். நறுக்கென்ற சின்னப் பாதம். அந்த அம்மாளுக்கு அதில் கர்வம் உண்டு. ஏழு குச்சியிலும் பெயர் எழுதி, புகையில் காட்டிப் பழசாக்கி, மற்றவற்றோடு சேர்த்துவிட்டாள். ஓபெத் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. செப்டம்பரில் நாற்பது ஜோடியும் கப்பலேறின.

டிசம்பரில் பதில் வந்தது. விச்சர் பட்டறை பட்டறையாகப் போய்ச் சொன்னார்: "லாம்பெத்துக்குப் பரம திருப்தி! ஒரு குறை சொல்லல. வர்ற வருஷம் எண்பது ஜோடி!"

ஓபெத் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். கீழே இறங்கியதும் அவள் பட்டியலை எடுத்து அந்த ஏழு பெயரையும் மறுபடி வாசித்தாள். திட்டி எழுதியிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாள். போட்டவர்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பதல்லவா அந்தத் திருப்திக்கு அர்த்தம்! அதன்பின் ஞாயிறுதோறும் அவள் கண் பிரசங்கத்தில் இல்லை, சப்மிட் அம்மாளின் காலில் இருந்தது. அந்தச் சின்னப் பாதம் மெத்தென்று வைத்து நடக்கும்போதெல்லாம், பெரிய பாதம் ஒன்று அதே அளவு பூட்ஸுக்குள் திணிக்கப்பட்டு, உறைபனிக் காலையில் வரப்பில் நடப்பது தெரிந்தது.

ஜனவரியில் ஒரு ஞாயிறு அவள் எழுந்து நின்றாள். சபை நடுவில் நின்று குற்றத்தை ஒப்புக்கொள்வது அங்கே வழக்கம்தான். குடி, கள்ள உறவு, பொய்ச் சத்தியம் என்று எத்தனையோ கேட்ட சபை. கெசியா எழுந்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு ருசி தட்டியது.

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். யார் யார் தடம் என்றும் சொன்னாள். ஏழு பேரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்தார்கள். சப்மிட் அம்மாள் காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டாள்.

டீக்கன் தொண்டையைச் செருமினார். "இது எந்தப் பாவத்துல சேரும்னு எனக்குப் புரியலம்மா."

"எனக்கும் புரியல ஐயா. அதான் இங்க கொண்டாந்தேன்."

விச்சர் எழுந்தார். "இதுக்குப் போய் இவ்வளவு அமர்க்களமா? புகார் எதுவும் வரலையே!"

"பூட்ஸ் போட்டவங்க எப்படி முதலாளி புகார் எழுதுவாங்க? எழுத்துக் கத்துக்குடுத்தாலே அங்க தண்டனையாம். அளவு கேட்டு நீங்க எழுதுங்க. ஏழு ஜோடி நாங்க சும்மாவே செஞ்சு தர்றோம்."

"எண்பது ஜோடி கையை விட்டுப் போனா ஊரு உன்னைச் சும்மா விடுமா?"

"விடாது. எழுதுங்க."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. மறுக்க விச்சருக்கு வெட்கமாகப் போயிற்று, லாம்பெத்துக்கு எழுதினார்.

வீடு திரும்பும் வழியில் ஓபெத், "என்கிட்ட முதல்ல சொல்லியிருக்கலாம்லடி" என்றான்.

"சொல்லியிருக்கணும்ங்க," என்றாள்.

மார்ச்சில் ஒரு சின்னப் பொட்டலமும் கடிதமும் வந்தன. எண்பது ஜோடி வேலை வேறு ஊருக்குப் போய்விட்டது. பழுதுக்கு ஈடாக இந்த ஜோடிகளை மட்டும் அனுப்பினால் போதுமாம். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் கெசியாவுக்கு முகம் கொடுக்காமல் போனார்கள். அவளுக்கு அது உறைக்கவே இல்லை. பொட்டலத்தைப் பிரித்து மேஜையில் குச்சிகளை வரிசை வைத்தாள். ஆறு. காகிதத்தை உதறினாள். மேஜைக்கடியில் தேடினாள்.

"ஆறுதான்," என்றான் ஓபெத். கடிதத்தின் கடைசி வரியை வாசித்துக் காட்டினான்: "ஜூனோவுக்குத் தேவையில்லை."

"ஏன் தேவையில்லையாம்?"

"அவ்வளவுதான் போட்டிருக்கு."

"செத்துட்டாளா? வித்துட்டாங்களா? காலு போச்சா?"

"ஓடிப் போயிருப்பாடி," என்றான் ஓபெத். அவளைத் தேற்றத்தான் சொன்னான். "விடுதலை தேடி வடக்கே ஓடி வர்றவங்க எத்தனை பேரு!"

கெசியா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எந்த பூட்ஸைப் போட்டுக்கிட்டுங்க?"